வேனிலுக்காகப் பார்த்த ஊர்

அடிஸ் அபாபா
4-8-1996

அன்புள்ள கயலுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீயும் நம் வேனிலும் எப்படி இருக்கிறீர்கள்?

இறங்கியதிலிருந்து இங்கே மழைதான். எத்தியோப்பியாவுக்கே தலைநகரம், ஆனால் ஆகஸ்டில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே வர முடியவில்லை. தலைமை ஆபீஸில் சூப்பர்வைசர் வேலை தருவதாகச் சொன்னார்கள். வீடும் தயாராக இருந்தது. அடுத்த மாதமே உங்களைக் கூப்பிட்டிருக்கலாம். போய்ப் பார்த்தேன். சுவரெல்லாம் ஈரம். ஏழு வயதுப் பிள்ளை, அந்த இழுப்போடு இந்தக் குளிரில் எப்படி மூச்சு விடுவாள்?

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கிழக்கே டிரே டாவா என்று ஓர் ஊர். கம்பெனியின் மில் ஒன்று அங்கே இருக்கிறது. பழையபடி ஃபிட்டர் வேலைதான், ஆனால் வருஷம் முழுக்க வெயிலாம். நாளை மறுநாள் கிளம்புகிறேன். உன்னைக் கேட்காமல் முடிவு செய்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே.

உன்
கதிரேசன்


கணபதி, கோவை
30-8-1996

அன்புள்ள மாமாவுக்கு, உங்கள் மனைவி கயல்விழி எழுதுவது.

இங்கே சுகம். கோபம் இல்லை. என்னைக் கேட்டிருந்தால் நானும் வெயிலைத்தான் சொல்லியிருப்பேன். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

கடிதத்தை வேனிலுக்கு வாசித்துக் காட்டினேன். "அங்க மழையே பேயாதுங்களாம்மா? அப்ப நானும் எல்லார்த்துகூடயும் ஓடலாமுங்களா?" என்றாள். "ஓடலாம் கண்ணு" என்றேன். உடனே வீட்டுக்குள்ளேயே ஓடிக் காட்டினாள். நான்தான் பிடித்து உட்கார வைத்தேன்.

பாஸ்போர்ட் இரண்டும் வந்துவிட்டன. பக்கத்துப் பட்டறையில் இன்னொரு கிரைண்டிங் மெஷின் போட்டிருக்கிறார்கள். அந்தத் தூசிக்குப் பயந்து ஜன்னலைத் திறப்பதே இல்லை. வீடு எப்படி இருந்தாலும் சரி மாமா, சீக்கிரம் கூப்பிடுங்கள்.

உங்கள்
கயல்


டிரே டாவா
22-9-1996

அன்புள்ள கயலுக்கு,

நான் எடுத்த முடிவு சரிதான். மேகத்தைப் பார்த்துப் பத்து நாளாகிறது. ஆற்றில் தண்ணீரே இல்லை, வெறும் மணல்தான். அதில் ஒட்டகங்கள் நடந்து போகின்றன. வேனில் பார்த்தால் விடமாட்டாள்.

குவார்ட்டர்ஸ்தான் கொஞ்சம் மோசம். ரொம்ப நாள் பூட்டிக் கிடந்ததால் ஒரே தூசி, வௌவால் நாற்றம். அவள் நெஞ்சுக்கு ஆகாது. ஜன்னல் மாற்றி, சுண்ணாம்பு அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு வாருங்கள். இங்கே என்னோடு வேலை செய்யும் ஈரோட்டுக்காரர் ஷேக் பரீத், "ஏனுங்க, மொதல்ல புள்ளைய கூட்டியாந்துபோடுங்க. சுண்ணாம்பு அப்பறம் அடிச்சுக்கலாமுங்க" என்கிறார். அவருக்கு எல்லாவற்றிலும் அவசரம். டிசம்பர் இருபதாம் தேதிக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். அதுவரை பொறுத்துக்கொள்.

உன்
கதிரேசன்


கணபதி
25-10-1996

அன்புள்ள மாமாவுக்கு,

டிசம்பர் என்றால் டிசம்பர். இங்கே சுகம்தான். வேனில் கொஞ்சம் இளைத்திருக்கிறாள், மற்றபடி ஒன்றுமில்லை. உங்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். இரண்டு வரியிலேயே கை வலிக்கிறது என்று படுத்துக்கொண்டாள். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
கயல்


டிரே டாவா
19-1-1997

கயல்,

திரும்பி வந்து ஐந்து நாளாகிறது. வேலைக்குப் போகிறேன், வருகிறேன்.

டிசம்பர் ஆறாம் தேதி நம் பிள்ளை போனாள். ஒன்பதாம் தேதிதான் என்னால் ஊர் வந்து சேர முடிந்தது. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் அங்கே இருந்த முப்பத்து மூன்று நாளும், "சாப்டுங்க" என்பதைத் தவிர நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த ஈர வீட்டுக்கே உங்களைக் கூப்பிட்டிருந்தால் செப்டம்பரில் வந்திருப்பீர்கள். நல்ல டாக்டர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். இது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. ஷேக் பரீத் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

நீயாவது வா. உன் டிக்கெட் அப்படியே இருக்கிறது. ஒப்பந்தம் முடிய இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது. இந்த வீட்டில் என்னால் தனியாக இருக்க முடியவில்லை.

கதிரேசன்


பெருந்துறை
20-2-1997

அன்புள்ள மாமாவுக்கு,

கணபதி வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கள் பாலுசாமி அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே ஒரு கம்பெனியில் தையல் வேலைக்குப் போகிறேன்.

உங்களிடம் மறைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அக்டோபரில் அவளை இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். உங்களுக்கு எழுதவில்லை. தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவீர்கள். அவளுக்காகப் பெரிய உத்தியோகத்தை விட்டீர்கள், இதையும் விடக் கூடாது என்று நினைத்தேன். நீங்கள் பொறுத்துக்கொள் என்று எழுதினீர்கள், நான் சுகம் என்று எழுதினேன். அதனால் உங்களைத் திட்ட எனக்கு வாயில்லை.

அந்தக் குளிரில் மட்டும் அவள் இருந்திருப்பாளா? யாருக்குத் தெரியும். அவள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அந்த ஊரைத் தேடி எடுத்தீர்கள். இதை யார் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அங்கே தெருவில் பிள்ளைகள் ஓடும். அதைப் பார்த்துக்கொண்டு உங்களுக்குச் சோறு போட என்னால் ஆகாது. ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள், அந்த மூன்று மாதத்தைப் பற்றி உங்களிடம் கேட்டுவிடுவேன். நீங்களும் என்னிடம் கேட்பீர்கள். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வரும்போது, அண்ணனுக்கு முன்கூட்டியே ஒரு வரி எழுதிவிடுங்கள். சொல்லாமல் வந்து வாசலில் நிற்க வேண்டாம். உங்களைப் பார்த்து "வாங்க" என்று சொல்ல எனக்கு வாய் வருமா என்று தெரியவில்லை.

கயல்விழி