எண்பது நம்பர் நரம்பு

3 ஜூலை 1989, திங்கள்

மூன்று ஜாக்கெட் வெட்டினேன். கரண்ட் இரண்டு முறை போனது. இவர் காலையில் போட்ட நாற்காலியிலேயே மாலை வரை இருந்தார். வலது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு, எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு. அந்தச் சுவரில் பார்க்க என்ன இருக்கிறது? வெள்ளைகூட அடிக்கவில்லை.

மார்ச்சில் பிரஸ் மெஷினில் கை போனதிலிருந்து இப்படித்தான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முழுதாக, மோதிர விரல் பாதி. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். காயம் ஆறிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டருக்கென்ன.

சாயங்காலம் ஆஞ்சப்பன் வந்தான். உத்தனப்பள்ளிக்காரன், இவர் கம்பெனியில் லேத் ஓட்டுகிறவன். தமிழில் பாதி தெலுங்கும் கன்னடமுமாகப் பேசுவான், மனசு மட்டும் தங்கம். வாசலிலேயே என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "அக்கா, ஆபீஸ்ல கேக்கறாங்க. அண்ணன் டூல் ஸ்டோருக்கு வராரா, இல்ல கணக்கு முடிச்சிக்கறாரான்னு. ஆகஸ்ட் முடியறதுக்குள்ள சொல்லிடோணுமாம்."

உள்ளே போய்ச் சொன்னேன். "கணக்கு முடிச்சிட்டு ஊருக்குப் போயிருவோம், முத்துமணி" என்றார். வீரவநல்லூரில், அவர் அண்ணன் வீட்டில், அந்தப் பின்கட்டு அறையில் இன்னொரு நாற்காலி போட்டுக்கொள்வார். எனக்கு அது வேண்டாம். எழுதி வைக்கிறேன்: எனக்கு அது வேண்டவே வேண்டாம்.

5 ஜூலை

இட்லியை ஸ்பூனால் சாப்பிடுகிறார். நான் பார்க்காத மாதிரி பார்க்கிறேன்.

9 ஜூலை, ஞாயிறு

ஆஞ்சப்பன் கெலவரப்பள்ளி அணைக்கு மீன் பிடிக்கக் கூப்பிட்டான். அடிபடுவதற்கு முன்பு ஞாயிறு தவறாமல் இரண்டு பேரும் மூங்கில் கழியோடு போவார்கள். இவர், "எந்தக் கையால பிடிக்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். ஆஞ்சப்பன் முகம் செத்துப்போயிற்று.

தெருமுனை வரை அவனோடு நடந்தேன். கை இப்படி இருக்கிறவர் தூண்டில் போட வழியே கிடையாதா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, பெங்களூரில் ரீல் வைத்த ராடு கிடைக்கிறது என்றான். "ஒரு கையில ராடு புடிச்சிக்கினா போதும்க்கா, இன்னொரு கையில பிடியைச் சுத்தறதுதான். தூண்டில் நரம்பு நாப்பது நம்பர் வாங்குங்க. நம்ம விராலுக்கு நாப்பது சாக்கு." சாக்கு என்றால் கன்னடத்தில் போதும்.

விரால்தான் இவருக்குப் பைத்தியம். ஜிலேபி மீனையெல்லாம் மீன் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்.

14 ஜூலை, வெள்ளி

லைனிங் துணி வாங்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு பெங்களூர் போனேன். பஸ்ஸில் அத்திப்பள்ளி வரை நின்றுகொண்டே. சிட்டி மார்க்கெட் பக்கம் ஒரு சந்தில் கடை. கடைக்காரர் பெரியவர், கன்னடம் பேசுகிறார், தமிழ் தட்டுத்தடுமாறி வருகிறது. எத்தனை விதம்! புடவைக் கடையில்கூட நான் இப்படி முழித்ததில்லை. இருந்ததிலேயே நீளமான ராடை எடுத்தேன். நீளம் என்றால் நல்லது என்று யாரும் சொல்லவில்லை, எனக்கே தோன்றியது. பளபளவென்று ஒரு ரீல். நரம்பு மட்டும் ஆஞ்சப்பன் சொன்னபடி வாங்கவில்லை. இவர் கைக்கு இன்னும் மெல்லிசாக இருந்தால் நல்லதாயிற்றே என்று எண்பது நம்பர் கேட்டேன். பெரியவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பொம்பளை வந்து வாங்குகிறாளே என்று பார்க்கிறார் போல என்று நினைத்து, நானும் முறைத்தேன்.

16 ஜூலை, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை முழுதாக எழுத வேண்டும்.

ராடை இவர் முன்னால் நீட்டினேன். தொடவில்லை. "என்னத்துக்கு இது?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சரி, நீங்கள் தொட வேண்டாம் என்று நானே கொல்லைப்புறம் கொண்டுபோய் ரீலை மாட்டி, நரம்பைச் சுற்றி, நுனியில் ஒரு நட்டைக் கட்டி, முருங்கை மரத்தைப் பார்த்து வீசினேன்.

நட்டு என் காலடியிலேயே விழுந்தது. ரீலிலிருந்த நரம்பு மொத்தமும் சுருள் சுருளாகத் துள்ளி வெளியே வந்து, என் தலை, வளையல், துணிக்கொடி எல்லாவற்றிலும் இடியாப்பம் பிழிந்த மாதிரி தொங்கியது. இழுக்க இழுக்க இறுகுகிறது.

பின்னால் ஒரு சத்தம். இவர் கதவில் சாய்ந்து சிரிக்கிறார். தோள் குலுங்க. மார்ச்சுக்குப் பிறகு இன்றைக்குத்தான்.

"ஏட்டி, இது எத்தனாம் நம்பரு?"

"எம்பது."

"எம்பதா! அணையில சுறா கெடக்குன்னு யாரு சொன்னா?"

நான் நெசவுக்காரர் வீட்டுப் பெண். எங்கள் அப்பா தறியில் நம்பர் கூடக் கூட நூல் மெல்லிசு. நாற்பதை விட எண்பது பாதிக் கனம்தான். இதைச் சொன்னதும் சிரிப்பு இன்னும் கூடியது. "அது தறிக்கு, ஏட்டி. நரம்புல நம்பரு கூடுனா தடிமன் கூடும்" என்றார்.

"உங்க கைக்கு மெல்லிசா இருக்கட்டும்னுதான..." என்று சொல்லிவிட்டேன். சிரிப்பு நின்றுபோயிற்று. என் நாக்கை என்ன செய்ய?

பிறகு கிட்டே வந்து, என் தலையில் சிக்கியிருந்த நரம்பை எடுக்க ஆரம்பித்தார். இடது கையால் முடியைப் பிரித்துக்கொண்டு, வலது கையின் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் நரம்பைப் பிடித்து இழுத்தார். அந்தக் கை என் மேல் பட்டே நாலு மாதமாகிறது. மூச்சுகூட விடாமல் நின்றேன்.

ராடைத் தூக்கிப் பார்த்து, "இதுவும் ஆகாது. உலக்கை கணக்கா இருக்கு. எல்லாத்தையும் மாத்தணும்" என்றார்.

"மாத்தணும்னா நீங்க வாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுல்லா" என்றேன், வேண்டுமென்றே வெடுக்கென்று.

17 ஜூலை

சனிக்கிழமை போவோம் என்கிறார். நம்ப மாட்டேன், பஸ் ஏறும் வரை.

22 ஜூலை, சனி

ஏறினார். ஜன்னலோரம், வலது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு. கண்டக்டருக்கு இடது கையால் காசு கொடுத்ததும் அவன் முகத்தைச் சுளித்தான். இவர் கவனித்தார். நானும் கவனித்தேன். வாயைத் திறந்திருந்தால் பஸ்ஸே நின்றிருக்கும், திறக்கவில்லை.

கடையில் பெரியவர் என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். நான் தப்பாக வாங்குகிறேன் என்று அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது. மாற்றித் தருகிறேன் என்று ஏழெட்டு ராடுகளைக் கொண்டுவந்து வைத்தார். இவர் ஒவ்வொன்றாக இடது கையில் எடுத்து, நுனியைத் தரையில் ஊன்றி வளைத்துப் பார்த்தார். ஒன்று பிரம்பு மாதிரி விறைப்பு, ஒன்று வளைந்தது நிமிர நேரமாகிறது. கடைசியில் ஆறடியில் ஒரு ஃபைபர் ராடு. இடது கைக்கு வீசிப் பழக்கமில்லை, அதனால் குட்டையாக, எடை குறைவாக இருக்க வேண்டுமாம். ஆனால் விரால் அல்லிக் கொடிக்குள் ஓடினால் இழுக்க அடிப்பக்கம் உறுதி வேண்டுமாம். நரம்பு நாற்பதையும் வேண்டாமென்று முப்பத்தைந்து கேட்டார். வீச்சில் பலம் இல்லாதபோது மெல்லிய நரம்புதான் தூரம் போகும் என்றார். ஆக, மெல்லிசு வேண்டும் என்று நான் நினைத்தது சரிதான். நம்பர்தான் தலைகீழ். இதைச் சொல்லிக் காட்டாமல் விடுவேனா?

ரீல் எடுக்கும்போது பெரியவர், "யாவ கை சார்? எந்தக் கையில சுத்தறது?" என்று கேட்டார்.

இவர் வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கண்ணாடி மேஜை மேல் வைத்தார். அப்படியே, விரித்து. கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள்.

பெரியவர் கையைப் பார்த்தார். ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேறு ஒரு ரீலை எடுத்து, இடப்பக்கம் இருந்த பிடியைக் கழற்றி, வலப்பக்கம் மாட்டி, "சுத்திப் பாருங்க சார்" என்றார். அவ்வளவுதான்.

சுற்றினார். கடகடவென்று சுற்றியது.

நான் கடை வாசலுக்கு வந்து அழுதேன். கண்ணில் தூசி என்று எழுத நினைத்தேன். என் நாட்குறிப்பில் எனக்கே எதற்குப் பொய்?

30 ஜூலை, ஞாயிறு

மூன்று பேரும் அணைக்குப் போனோம். முதல் வீச்சு கருவேல மரத்தில். இரண்டாவது ஆஞ்சப்பன் தொப்பியில். "அண்ணா, விரால் தண்ணியில இருக்குது" என்றான். மத்தியானத்துக்குள் தண்ணீரில் விழ ஆரம்பித்தது. மீன் இல்லை. முகம் வெயிலில் கறுத்து, நன்றாக இருந்தார்.

6 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று விரால் கடித்தது. அல்லிக் கொடி ஓரமாகத் தவளையை இரையாக விட்டு இழுத்துக்கொண்டு வந்தார். தண்ணீர் திடீரென்று வெடித்தது. ராடு வில்லாக வளைய, இவர் சுற்றினார், நான் கத்தினேன், ஆஞ்சப்பன் தெலுங்கில் யாரையோ திட்டினான். பாதி வந்தபோது கட்டைவிரலிலிருந்து பிடி வழுக்கிவிட்டது. அந்த ஒரு நொடி போதும் அதற்கு. கொடிக்குள் போய் அறுத்துக்கொண்டு போய்விட்டது.

முடிந்தது, இனி வீரவநல்லூர்தான், என்று நினைத்தேன். இவர் ரீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிடியில உள்ள குமிழு சிறுசு" என்றார். "கட்டை வெரலும் சுண்டு வெரலும் பிடிக்கணும்னா இது பத்தாது. பெருசா ஒண்ணு கடையணும்."

ஆஞ்சப்பன் உடனே, "நான் கடைஞ்சித் தரேன்ணா. ஆனா அளவு நீங்கதான் நின்னு சொல்லோணும்" என்றான். கெட்டிக்காரன். லேத் எங்கே இருக்கிறது? கம்பெனிக்குள் அல்லவா.

8 ஆகஸ்ட்

ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு கம்பெனிக்குப் போயிருக்கிறார். தையல் மெஷினில் உட்கார்ந்ததில் மூன்று தையல் கோணல். பிரித்துக் கொண்டிருக்கிறேன்.

9 ஆகஸ்ட், புதன்

நேற்று கம்பெனியில் நடந்ததை இன்று சோற்றைப் பிசைந்துகொண்டே தானாகச் சொன்னார். லேத் இருக்கிற டூல் ரூமுக்குப் போக பிரஸ் ஷாப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். "சத்தம் கேட்டதும் திரும்பிருவோமான்னு இருந்துச்சு. அந்த மிஷினுல இப்ப ஒரு சின்னப் பய நிக்கான். அவன் கையையே பாத்துக்கிட்டு நின்னேன், முத்துமணி."

தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.

குமிழ் வந்துவிட்டது. கழிவு நைலான் துண்டில் கடைந்தது, வெள்ளை வெளேரென்று, சின்ன எலுமிச்சை அளவு. வழுக்காமல் இருக்கச் சுற்றிலும் வரி போட்டிருக்கிறான். சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட சுற்றிக்கொண்டே இருக்கிறார்.

13 ஆகஸ்ட், ஞாயிறு

விரால்! என் முழங்கை நீளம். ஆஞ்சப்பனுக்குப் பாதி கொடுத்தேன். குழம்பில் புளி கொஞ்சம் தூக்கல், ஆனால் இவர் மூன்று முறை சோறு வாங்கினார்.

ஊருக்கு எப்போது போகிறோம் என்று கேட்க வாயெடுத்து, விழுங்கிவிட்டேன். நல்ல நாளைக் கெடுப்பானேன்.

20 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று கேட்டே விட்டேன். ஆபீசில் என்ன சொல்லப் போகிறீர்கள்?

"பாப்போம்."

இந்தப் 'பாப்போம்' என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் ஏதோ ஒரு பெண்டாட்டியின் புருஷனாகத்தான் இருப்பான். ஒரு டம்ளரை வேகமாக வைத்தேன். மனசுக்குள் பயமாகத்தான் இருக்கிறது. மீன் பிடித்தது மீன் பிடித்ததோடு போய்விடுமோ?

31 ஆகஸ்ட், வியாழன்

கம்பெனிக் காக்கிச் சட்டையை எடுத்துவந்து, பொத்தான்களை எடுத்துவிட்டு அழுத்துப் பொத்தான் வைத்துத் தரச் சொன்னார். வைத்துக் கொடுத்தேன்.

1 செப்டம்பர், வெள்ளி

ஆறு மணிக்கு வந்தார். கிரீஸ் வாடையோடு. டூல் ஸ்டோர் எப்படி இருந்தது என்று கேட்பதற்குள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்துவிட்டார். கேன்டீன் சாம்பாரில் பருப்பே இல்லையாம். முள்ளங்கி வேகவே இல்லையாம். யாரோ புது ஆளாம், அவனுக்கு உப்பு என்றால் என்னவென்றே தெரியாதாம். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார், வலது கையை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் எழுந்து போகவில்லை.

"நாளையிலேருந்து சோறு கட்டிக் குடுத்துரு" என்றார்.

சரி என்றேன்.