முனையில் எத்தனை விரல் இடம்?

என் அன்பு மனைவிக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலம், கால்தான் சொன்னபடி கேட்கவில்லை.

மலையில் குழாய்ப் பாதை அளக்கப் போட்டுக்கொண்ட பூட்ஸ் வெயிலில் அடி பிய்ந்துவிட்டது. எடை, காற்றோட்டம் எல்லாம் எழுதிப் பார்த்து, காலையில் போய்க் கச்சிதமாகப் புதிது வாங்கினேன். நண்பகல் வெக்கையில் கால் வீங்கி, பூட்ஸ் கடித்தது. இவ்வளவு படித்தும் இது தோன்றவில்லையே, சே!

மூன்றாம் முறை மாற்றப் போனதும் கடைக்காரர், “பெரியவரே, பூட்ஸ் பாக்குறீங்களா, பொண்ணு பாக்குறீங்களா?” என்றார்.

அடுத்த மாதம் மறுபடி மலை ஏறாவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். நீ இருந்தால் முனையை அமுக்கி, “இது பத்தாதுங்க” என்று முடித்திருப்பாய். எத்தனை விரல் இடம் விடுவாய்? உடனே எழுது. அதுவரை விலைச்சீட்டைக் கிழிக்காமல் அறைக்குள்ளேயே போட்டு நடக்கிறேன்.

தபால் எடுத்துப்போகும் ஜீப் வந்துவிட்டது.

உன் கணவன்