பெனிட்டோ அனுப்பிய ரஷ்ய லென்ஸ்

பாளையங்கோட்டை
17 ஆகஸ்ட்

அன்புள்ள பெனிட்டோவுக்கு,

மகேஷ் எழுதுவது. இங்கே நான், பிருந்தா, அவள் வளர்க்கும் இரண்டு பூனைகள் எல்லோரும் சுகம். அரபு நாட்டுச் சலாலாவில் நீயும் சுகமாக இருப்பாய் என்றே எடுத்துக்கொள்கிறேன். உன் துறைமுகத்தில் வேலை பார்க்கும் திசையன்விளை கிருபைராஜ் லீவில் வந்தவர், பள்ளிக்கூடத்துக்கே வந்து பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர் ரஷ்ய லென்ஸ், அதைக் கேமராவில் மாட்டும் வளையம், அவற்றைச் சுற்றி உன் பழைய பனியன், ஒரு கிலோ பேரீச்சம்பழம். லென்ஸை நான் எடுத்துக்கொண்டேன், பழத்தைப் பிருந்தா எடுத்துக்கொண்டாள். பனியனுக்குத்தான் ஆள் இல்லை.

வாட்ஸ்அப்பில் நாலு வரி போட்டால் போதாதா என்று கேட்பாய். போதாது. அதில் படம் சுருங்கிவிடும். நாம் பேசப்போவதோ படத்தின் கூர்மையைப் பற்றி. அதனால் முழு அளவுப் படங்களோடு மின்னஞ்சலில் கடிதமாகவே எழுதுகிறேன். மேலும், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவனிடம் கோளாறு பார்க்கச் சொன்னால் அவன் அறிக்கைதான் எழுதுவான். நீயாக வாங்கிக் கட்டிக்கொண்டது.

நம் பழைய லென்ஸ் குழுவில் நாற்பது பேர் இருக்கிறோம். எங்கெங்கோ போய் மலையும் ஆறும் எடுத்துப் போடுகிறோம். கையால் வளையத்தைத் திருப்பித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும் என்பது ஒன்றுதான் சட்டம். அதில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று இருந்தது. இப்போது சில மாதங்களாக உன் படங்களில் என்னவோ ஆகிவிட்டது. சாலையில் நிற்கும் ஒட்டகம் மங்கலாக இருக்கிறது, பின்னால் இருக்கும் புல் பளிச்சென்று இருக்கிறது. இன்னொன்றில் புல்லும் இல்லை, ஒட்டகமும் இல்லை, நடுவில் கிடக்கும் கல்தான் தெளிவு. லென்ஸ் மேசையிலிருந்து விழுந்தது, உள்ளே கண்ணாடி நகர்ந்துவிட்டது என்று நீ சொல்கிறாய். இருக்கலாம். வளையத்தின் தடிமன் சரியில்லாமலும் இருக்கலாம். உங்கள் ஊர் மலையில் இந்த மாதங்களில் இறங்கும் மூடுபனியாகவும் இருக்கலாம். எனக்குச் சந்தேகத்துக்கு மூன்று பேர் கிடைத்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால், ரொம்ப நாளைக்குப் பிறகு இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறேன்.

முதல் நாள் வேலை: டார்ச் அடித்துப் பார்த்தேன். பூஞ்சை இல்லை, கீறல் இல்லை. ஃபோகஸ் வளையம் நெய் போட்டது போலச் சுழல்கிறது. விழுந்த லென்ஸ் என்றால் ஒரு நசுங்கலாவது இருக்க வேண்டுமே என்று தேடினேன், அகப்படவில்லை.

நீ கேட்டபடி கண்ணாடிக் கடைக்கும் போய்வந்தேன். என் பழைய மாணவி அஸ்ஃபியாதான் அங்கே கண் பரிசோதிக்கிறாள். சுவரில் தொங்கும் எழுத்து அட்டையை ஆறு மீட்டரிலிருந்து உன் லென்ஸால் எடுத்தேன். கடைசி வரி வரைக்கும் படிக்க முடிகிறது. எழுத்து மாற்றி அச்சடித்த இரண்டாவது அட்டையும் வேண்டும் என்றாயே, அதையும் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். எதற்கு இரண்டு என்று கேட்டாள். கேட்கிறவன் அப்படிப்பட்டவன், கொடு தாயி என்றேன். இரண்டு படமும் இத்துடன் இருக்கின்றன.

இனி வெளிச்சத்தில் தூரத்துக் காட்சிகளைப் பார்க்க வேண்டும். பாபநாசத்திலிருந்து புன்னக்காயல் வரை ஆற்றோடு ஞாயிறுதோறும் போகப்போகிறேன். பிருந்தா இப்போதே முறைக்கிறாள்.

அன்புடன்,
மகேஷ்


பாளையங்கோட்டை
31 ஆகஸ்ட்

அன்புள்ள பெனிட்டோ,

உன் பதில் வந்தது. மூன்று வரி. இரண்டு ஞாயிறு அலைந்தவனுக்கு மூன்று வரி எழுதுகிற கை உன்னுடையதாகத்தான் இருக்கும்.

போன ஞாயிறு பாபநாசம். அணைக்குப் போகும் வழியில் நின்று எதிர் மலையை எடுத்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது, பாறையில் நாலைந்து இடத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. லென்ஸைக் கடைசிக் கோடு வரை திருப்பினேன். பெரிதாக்கிப் பார், உச்சியில் இருக்கும் மரங்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். இன்று காலை களக்காடு. வாழைத்தோட்டத்துக்கு மேலே மலையை மேகம் பாதி மூடியிருந்தது. உங்கள் ஊர் மூடுபனிக்கு இது பக்கத்து வீட்டுச் சொந்தம் என்று வேண்டுமென்றே அந்த நேரத்தில் போனேன். மேகத்துக்குள் இருப்பது மங்கல்தான், முன்னால் இருக்கும் வாழை இலையின் கிழிசல் ஒவ்வொன்றும் தெளிவு. திரும்பும் வழியில் வண்ணார்பேட்டையில் ஆற்றங்கரையில் இறங்கிப் பாலத்தையும் எடுத்தேன். மேலே பேருந்தின் ஜன்னலோரம் ஓர் அம்மாள் வாயில் முறுக்கு வைத்திருப்பது வரை தெரிகிறது.

ஆக லென்ஸ் குற்றவாளி இல்லை, வளையமும் இல்லை, பனியும் இல்லை. நான் பிடித்த மூன்று பேரும் நிரபராதிகள் என்றால் எனக்கு எப்படி இருக்கும்? நான்காவதாக ஒன்று தோன்றியது. உன் கேமராவில் கண் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் குட்டிச் சக்கரம் ஒன்று இருக்கும். அது பையில் உராய்ந்து திரும்பியிருந்தால் உனக்கு எல்லாமே மங்கலாகத் தெரியும், நீ குத்துமதிப்பாக ஃபோகஸ் செய்வாய். அதைத் திருப்பிப் பார்த்து எழுது.

இன்னொரு வேலையும் செய்தேன். நீ குழுவில் போட்ட படங்களை, இரண்டு வருடத்தவை, வரிசையாகக் கணினியில் திறந்துவைத்தேன். இரண்டு விஷயம் விசித்திரமாக இருக்கிறது. ஒன்று, உன் படங்கள் வரவர நீலமாகின்றன. போன வருடம் அலைநுரை வெள்ளையாக இருந்தது. இப்போது நீலம் கரைத்து அலசிய வேட்டி மாதிரி இருக்கிறது. குழுவில் எல்லோரும் ஆகா, என்ன ஒரு நிறம் என்று எழுதியிருக்கிறார்கள், நானும் எழுதியிருக்கிறேன். வேண்டுமென்றே செய்கிறாயா? இரண்டாவது, துறைமுக விளக்குகளை எடுப்பதில் நீ கெட்டிக்காரன். போன கிறிஸ்துமஸுக்குப் பிறகு விளக்கு எரியும் படம் ஒன்றுகூட இல்லை. சலித்துவிட்டதா?

வரும் ஞாயிறு புன்னக்காயல். முகத்துவாரத்தில் நிற்கும் படகுகளின் நம்பரைத் தூரத்திலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டால் சோதனை முடிந்தது. அப்படியே உன் வீட்டில் லூசியையும் மகள் ஆன்லினையும் பார்த்துவிட்டு வருகிறேன். வீட்டுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுது, உன் மூன்று வரியைத் தாண்டி.

அன்புடன்,
மகேஷ்


பாளையங்கோட்டை
8 செப்டம்பர்

அன்புள்ள பெனிட்டோ,

சக்கரம் சரியாகத்தான் இருக்கிறது, லென்ஸைத் திருப்பி அனுப்பிவிடு, ஆராய்ச்சி போதும் என்று எழுதியிருக்கிறாய். நேற்று இரண்டு தடவை ஃபோன் செய்தேன். டூட்டியில் இருக்கிறேன் என்று வைத்துவிட்டாய். பேசியிருந்தாலும் சிரித்தே மழுப்பியிருப்பாய். அதனால் எழுதுகிறேன். முழுவதும் படி.

நேற்று உங்கள் புன்னக்காயலில் மாதா திருநாளுக்கு முந்தின நாள். தெருவெல்லாம் பந்தல். முகத்துவாரத்துக் கரையில் நின்று எதிரே கட்டியிருந்த படகுகளை எடுத்தேன். இருநூறு மீட்டருக்குக் குறையாது. எல்லாப் படகின் நம்பரையும் படித்துவிட்டேன், ஒன்றில் பெயின்ட் உரிந்து எட்டு மூன்றாகியிருப்பதைக்கூட. உன் லென்ஸ் நான் தொட்ட லென்ஸ்களிலேயே நல்ல லென்ஸ்.

பிறகு வீட்டுக்குப் போனேன். ஆன்லின் திருநாளுக்கு ஹாஸ்டலிலிருந்து வந்திருக்கிறாள், உன்னைவிட உயரம். லூசி எனக்குத் தனியாகச் சாம்பார் வைத்திருந்தாள். அக்டோபர் நாலாம் தேதி உனக்குக் கம்பெனியில் மருத்துவப் பரிசோதனை இருக்கிறது, அது முடிந்ததும் கிறிஸ்துமஸ் லீவு கேட்கப்போகிறாய் என்று சொன்னாள். சர்க்கரைக்கு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா என்று என்னைக் கேட்டாள். அப்புறம் தானாகச் சிரித்துக்கொண்டு ஒன்று சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்:

"அவிய போன லீவுல வந்தப்போ, சாளைக்கு முள்ளு எடுத்துத் தான்னு தட்டை என் பக்கம் தள்ளிட்டாவ, அண்ணாச்சி. கல்யாணமாகி இருவது வருசத்துல இல்லாத ஆசை. எனக்கு வெக்கமாப் போச்சு."

புன்னக்காயலில் பிறந்தவன், பேசிக்கொண்டே நாக்கால் முள்ளைப் பிரித்துத் துப்புகிறவன், நம் காலேஜ் ஹாஸ்டல் மெஸ்ஸில் பத்துப் பேருக்கு மீனை உரித்துக் காட்டியவன். அவனா முள் எடுத்துத் தரச் சொன்னான் என்று மீனே தின்னாத எனக்கே பொருந்தாமல் பட்டது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

இன்று பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அஸ்ஃபியாவிடம் போனேன். உன் பெயரைச் சொல்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஃபோகஸ் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பக்கம் தவறுவது, நீலம், விளக்குப் படங்கள் நின்றுபோனது, மீன் முள். வயது கேட்டாள், நாற்பத்தேழு என்றேன். சர்க்கரை உண்டா என்றாள், உண்டு என்றேன். கண்புரையாக இருக்கலாம் என்றாள். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சீக்கிரமே வருமாம். பார்ப்பதெல்லாம் பழுப்பேறித் தெரியுமாம், அதனால் வெள்ளை வெள்ளையாகத் தெரியட்டும் என்று நீலத்தைக் கூட்டியிருப்பார் என்றாள். விளக்கைப் பார்த்தால் ஒளி சிதறி முள் முள்ளாகத் தெரியுமாம். டாக்டர் பார்த்துத்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும், புரையாக இருந்தால் கண்ணுக்குள் புது லென்ஸ் வைத்துவிடலாம், பெரும்பாலும் பழையபடி பார்வை வந்துவிடும் என்றாள். அதற்குப் பிறகு அட்டைகள் இருக்கும் அலமாரிப் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

"ஸார், அந்த ரெண்டு அட்டையையும் அவங்க எதுக்குக் கேட்டாங்க?"

பெனிட்டோ, அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த கோபத்தை எழுதவே கூச்சமாக இருக்கிறது. அக்டோபர் பரிசோதனையில் மனப்பாடமாக ஒப்பிப்பதற்கு நானே உனக்கு எழுத்துகளைப் படமெடுத்து, கடைசி வரி வரைக்கும் தெளிவாக இருக்கிறது என்று பெருமையும் அடித்து அனுப்பியிருக்கிறேன். முப்பது வருஷச் சிநேகிதனை இப்படியா ஏய்ப்பாய்? லென்ஸ் விழவே இல்லை. உனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் நீ டாக்டரிடம் போயிருப்பாய். தெரிந்ததால்தான் லென்ஸை என்னிடம் அனுப்பினாய்.

ஏன் மறைத்தாய் என்பதும் எனக்குப் புரியாமல் இல்லை. கண் மங்கினவனை யார் துறைமுகக் கிரேனில் ஏற்றுவார்கள் என்று பயந்திருப்பாய். ஆன்லினுக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு இருக்கிறது. உன் இடத்தில் நான் இருந்தால் நானும் ஏதாவது தில்லுமுல்லு செய்திருப்பேனோ என்னவோ. ஆனால் நீதான் எனக்கு எழுதியிருக்கிறாய், நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, கீழே இருக்கும் கன்டெய்னர் பெட்டியின் நான்கு மூலையையும் கண்ணால் பார்த்துத்தான் பொருத்துகிறாய் என்று. ஒட்டகத்துக்கும் புல்லுக்கும் நடுவில் கிடந்த கல்லில் ஃபோகஸ் வைத்தவன் அதை எப்படிப் பொருத்துகிறாய்? நீ பெட்டி இறக்கும் கப்பலின் தளத்தில் நின்று பெட்டிகளைக் கட்டுகிற ஆள் கிருபைராஜ்தானே. வெள்ளிக்கிழமை திரும்புகிறாராம். உனக்கு ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டுமா என்று இன்றுகூடக் கேட்டார். வியாழக்கிழமை சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

உன் கம்பெனிக்கு எழுத மாட்டேன். லூசியிடமும் நானாகச் சொல்ல மாட்டேன், அவள் அதை ஆசை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், நீதான் சொல்ல வேண்டும். ஆனால் வியாழக்கிழமைக்குள் உன்னிடமிருந்து பதில் வராவிட்டால் கிருபைராஜிடம் சொல்லிவிடுவேன். சிநேகிதம் முறிந்தாலும் சொல்வேன். அது முறிந்தால் எனக்கு வேறு ஆள் இல்லை என்பதும் உனக்குத் தெரியும்.

நீ வா. இங்கேயே நல்ல கண் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, நான் கூட வருகிறேன், எத்தனை மணி நேரமானாலும் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். கண் சரியானால் உடம்பு சரியில்லை என்று லீவு போட்டவனாகத் திரும்பிப் போவாய். சரியாகாவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து யோசிப்போம். அதை நீ தனியாக அந்தக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து யோசிக்க வேண்டாம்.

இந்தக் கடிதத்துக்கு விளக்கம் எழுதாதே, மன்னிப்பும் கேட்காதே. இறங்கிவிட்டேன் என்று ஒரு வார்த்தை மட்டும் அனுப்பு. உங்கள் மாதாவும் எங்கள் நெல்லையப்பரும் உன் கூடவே இருக்கட்டும். இதைப் படிக்கும்போது நீ மேலே இருந்தால் கிரேனில் தொங்கும் பெட்டியைப் பைய வைத்துவிட்டு, அடுத்ததைத் தொடாமல் இறங்கு. படியில் வரும்போது கைப்பிடியை விட்டுவிடாதே லே.

உன்,
மகேஷ்