சுவரைப் பார்த்துப் படுத்தால்

என்னங்க,

சண்டை போடத் தெம்பில்லை, அதனால் எழுதுகிறேன். உங்கள் சாப்பாடு அடுப்பு மேடையில் மூடியிருக்கிறது. என் அளவுக்கு அதில் உப்பு போடவில்லை, பயப்படாமல் சாப்பிடுங்கள்.

போன வாரம் நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது, "கோவம் தானா தணியட்டும்"னு கதவைச் சாத்திவிட்டுப் போனீர்கள். அது கோபமில்லை. என் அட்ரீனல் சுரப்பி வேலை செய்யாததால் கூடுதல் உப்பிலும் மாத்திரையிலும் ஓடுகிற உடம்பு, அன்று மாத்திரையும் போதாமல் சரிந்த நேரம். அபூர்வமாகத்தான் வரும், வந்தால் ஆளையே கொண்டுபோய்விடும் என்று டாக்டர் சொன்னபோது நீங்களும் பக்கத்தில்தான் இருந்தீர்கள். நம் பாப்பா வந்து உலுக்கி, ஊசியை எடுத்துக் கொடுத்ததால் பிழைத்தேன். நான் நிஜமாகவே கோபப்பட்டால் மட்டும், "மாத்திர போட்டியா?" என்று கேட்கிறீர்கள்.

இனி நான் அப்படிப் படுத்தால், எதுவாயிருந்தாலும் தோளைத் தொட்டுக் கூப்பிடுங்கள். திட்டினால் நல்லாயிருக்கிறேன் என்று அர்த்தம். குழறினாலோ பேசாமல் கிடந்தாலோ, ஊசி மேஜையின் மேல் இழுப்பறையில் இருக்கிறது. தொடையில் போட்டுவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

வீட்டின் மாற்றுச் சாவி எதிர்வீட்டு அக்காவிடம்.

குழாய் ரிப்பேர்காரர் சாயங்காலம் வருவார், வீட்டில் இருங்கள்.

இன்னொன்று. காலையிலேயே மாத்திரை போட்டுவிட்டேன். இப்போதும் கோபமாகத்தான் இருக்கிறேன்.