லேசாக ஏறிய பல்

பல்லுக்கு அச்சு எடுக்கும் மாவைத் தண்ணீரில் குழைத்தால் புதினா வாசனை வரும். இன்று காலை பதுளைக் கிளினிக்கில் அதைக் குழைத்தபோது உன் ஞாபகம் வந்தது. மற்றவர்களுக்கு மல்லிகையோ பலகாரமோ வாய்க்கிறது. நமக்கு இதுதான்.

தெமோதரைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில் அன்று அச்சு எடுத்தோம். கடைவாய்ப்பல்லின் உட்புறம் உபரி முகடு உண்டா, முன்பல்லின் பின்புறம் குழிந்திருக்கிறதா, பல்வரிசை வளைவு அகலமா ஒடுக்கமா என்று சமூகத்துக்குச் சமூகம் ஒப்பிடுவது உன் ஆராய்ச்சி. நீ பண்டாரவளைக் கடைக்காரர் மகன், நான் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவன். ஆட்களைக் கூட்டிவருவது என் வேலை. தோட்டத்தில் அச்சு எடுத்தால் பல் செட்டு வரும் என்றுதான் அர்த்தம். அதை நம்பி, பல் விழுந்தவர்களும் வரிசையில் நின்றார்கள்.

முன்பற்கள் போன ஓர் அம்மா, மகளின் கல்யாணத்துக்காக வெற்றிலையையே விட்டுவிட்டு வந்திருந்தார். கடைவாய்ப்பல் இருக்கிறதே என்று அவருக்கும் அச்சு எடுத்தாய்.

"செட்டு எப்பங்க வரும்?"

இது ஆராய்ச்சிக்கு மட்டும்தான், செட்டு வராது என்று நீ உள்ளதைச் சொன்னாய்.

"பரவாயில்லீங்க. அன்னைக்கு வாயத் தொறக்காம இருந்துக்கிறேன்."

வேன் எல்லவைத் தாண்டியதும், "நாமளே செஞ்சு குடுப்போம் மச்சான்" என்றாய்.

உன் அட்டவணையில் இருந்த தோட்டத்து ஆட்களின் பல்வளைவுச் சராசரிப்படி மெழுகில் பற்களை அடுக்கினாய். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பிடுங்கினாய். "சராசரிக்கு யாரு மச்சான் சிரிக்கிற?" படிக்கும் காலத்தில் எடுத்த உன் வாயின் அச்சையே மாதிரியாக முன்னால் வைத்துக்கொண்டாய். உன் வளைவு கொஞ்சம் அகலம். இடப்பக்கப் பல் ஒன்று அடுத்த பல்லின்மேல் லேசாக ஏறியிருக்கும். அதையும் விடாமல் அப்படியே செட்டில் வைத்தாய். ஆராய்ச்சிக்காரன் செய்கிற வேலையா இது என்று நான் கேலி செய்தேன். அந்த அம்மாவுக்கு அது பொருந்திவிட்டது. கல்யாணத்தில் அவர் வாய் மூடவே இல்லை.

போன வருடம் நீ திடீரென்று போனாய். செய்தி கேட்டு நான் பஸ் பிடித்து வருவதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. உன் முகத்தைப் பார்க்கக் கிடைக்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்குப் போகவில்லை.

உன் வீட்டு வாசலில் அந்த அம்மா நின்றிருந்தார். "நம்ம டொக்டர் ஐயா போயிட்டாருங்களே" என்று என்னைப் பார்த்து வாய்விட்டு அழுதார். அந்த இடப்பக்கப் பல் தெரிந்தது. துக்க வீட்டில் ஒரு பெண்ணின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பது அழகில்லைதான். நான் நின்றேன். கடைசியாகப் பார்த்த உன் முகம் என்று எனக்கு இருப்பது அது ஒன்றுதான்.