எட்டு இல்லாத எண்

மேல்கோட்டை
4-2-1953

சிரஞ்சீவி பாமாவுக்கு அண்ணா ஆழ்வாரின் ஆசீர்வாதம்.

உன் மன்னி சௌக்கியம். எனக்குத்தான் நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது. கேட்டால் டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பங்குனியில் பெருமாளின் வைரமுடி சேவைக்காவது பஸ் ஏறி வா. கல்யாணமாகிப் போன நாள் முதல் நீ என்னோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. அப்படி என்னடி செய்துவிட்டேன்? எழுது.

ஆழ்வார்

அக்ரஹாரம், மைசூர்
11-2-1953

அண்ணாவுக்கு, நமஸ்காரம் எழுத வேண்டுமே என்று எழுதுகிறேன்.

கேட்டாயே, கேள். எனக்கு ஆறு வயது, உனக்குப் பதினேழு. கூடத்துச் சுவரில் கரியால் 12345679 என்று எழுதினாய். ஒன்பது குழந்தைகளுக்கு ஆளுக்கோர் எண். மூத்தவன் நீ, ஒன்று. "எட்டு எங்கேண்ணா?" என்றேன், நான்தானே எட்டாவது. "எட்டு வேண்டாம்டி. இதை ஒன்பதால பெருக்கினா ஒன்பது ஒண்ணு வரிசையா நிக்கும். உன்னைச் சேர்த்தா ஊடே ஒரு சுழி வந்து அழகே கெட்டுடும்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். தொட்டிலிலேயே செத்துப்போன ஏழாவதுக்குக்கூட அந்தச் சுவரில் இடமிருந்தது.

சிரித்ததை மறந்திருப்பேன். அடுத்த வாரம் அப்பா, "பாமாவையும் பள்ளிக்கூடம் அனுப்பலாமாடா?" என்று உன்னைத்தான் கேட்டார். "எட்டு இல்லாமலே கணக்கு சரியா வருதேப்பா" என்றாய். அப்பாவும் சிரித்துவிட்டார். அத்தோடு என் படிப்பு முடிந்தது. இந்த எழுத்தெல்லாம் நானே கூட்டிக் கூட்டிக் கற்றது.

ஸத்யபாமா

மேல்கோட்டை
17-2-1953

பாமா,

சத்தியமாக எனக்கு நினைவில்லை. நீ சொன்னால் நடந்துதான் இருக்கும். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தேன், எத்தனையோ பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். உன்னை விட்டுவிட்டேன். மன்னித்துவிடு என்று எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். படுத்தபடிதான் எழுதுகிறேன், கோணலாக இருக்கும். வாடி.

அண்ணா

மைசூர்
22-2-1953

அண்ணாவுக்கு,

வரமாட்டேன். பேத்தி ஸரஸாவின் சிலேட்டை வாங்கி உன் எண்ணைப் பெருக்கிப் பார்த்தேன். நீ உரக்கச் சொன்ன வாய்ப்பாடெல்லாம் கதவோரம் நின்று கேட்டவள் நான், ஒன்றும் மறக்கவில்லை. எட்டால் பெருக்கினால் 98765432. எல்லாம் தலைகீழ். எட்டு வந்துவிட்டது, ஒன்றைக் காணோம். நான் இருக்கிற இடத்தில் நீ இல்லை. உன் எண்ணே சொல்கிறது.

ஸத்யபாமா

மைசூர்
14-3-1953

அண்ணா,

இதை எந்தத் தபாலில் போடுவேன்?

உன் காரியத்துக்கு வந்திருந்தேன். சுலோசனா மன்னி நான் கடைசியாகப் போட்ட கார்டைக் கொண்டுவந்து கையில் வைத்தாள். உன் தலையணைக்கு அடியில் இருந்ததாம். ஓரத்தில் பென்சிலால் அந்தப் பெருக்கலை ஒவ்வொரு வரியாகப் போட்டுப் பார்த்திருக்கிறாய். கீழே கோணல் எழுத்தில், "விடை சரி. அப்பா, இவளைப் பள்ளிக்கூடம் அனுப்புங்கள்" என்று எழுதியிருக்கிறாய்.

அண்ணா, ஒன்றை உன்னிடம் மறைத்துவிட்டேன். அன்று சிலேட்டில் நேரே எட்டுக்குப் போகவில்லை. முதலில் இரண்டால்தான் பெருக்கினேன். 24691358. நீயும் இருந்தாய், நானும் இருந்தேன். ஏழு மட்டும்தான் இல்லை. நிஜமாகவே நம் வீட்டில் இல்லாமல் போன குழந்தை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எச்சில் தொட்டு அதை அழித்துவிட்டு, உன்னைக் காணாமல் போகச் செய்கிற எண்ணைத் தேடினேன்.

உன் பாமா