சஹனில் ஒரு இடம் காலி

மச்சான், நம்ம தோட்டம் திறக்கப்போகிறது, முதல் சனிக்கிழமை நமக்குத்தான், சஹனையும் பரணில் இருந்து இறக்கிவிட்டேன்!

பழைய பெட்சீட்டில் சுற்றிக் கிடந்தது. அவிழ்த்ததும் நெய்யும் விறகுப் புகையும் கலந்த வாசம். ஒரு வருடம் பரணில் கிடந்தும் போகவில்லை. நீ மோட்டார் சைக்கிளில் இருந்து தவறவிட்டதில் விழுந்த நெளிவும் விளிம்பில் அப்படியே இருக்கிறது. உடனே படம் பிடித்து உனக்கு அனுப்பப் போனேன். உன் பெயரைத் தட்டிய பிறகுதான் நினைவு வந்தது.

முதல் பயணம் நினைவிருக்கிறதா? விடிய முன்னமே கல்முனையில் இருந்து மூன்று மோட்டார் சைக்கிள்களில் ஐந்து பேர்: நீ, நான், பஹீம், இரட்டையர்கள் சாபிரும் சாதிக்கும். ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற இந்தப் பெரிய சஹன் தட்டை நீ முதுகில் கட்டியிருந்தாய். காரைதீவுச் சந்தியில் ஒருவர், "தம்பி, ஆமையாட்டம் எங்க போறீங்க?" என்று கேட்டார். வினாயகபுரத்துக்கு உள்ளே, களப்புத் தண்ணீர் ஓரம், தென்னையும் முந்திரியும் நிறைந்த தோட்டம். உன் மாமாவின் கூட்டாளிக்குச் சொந்தமானது.

நான் யூடியூப் பார்த்துப் பறவை படித்தவன். கேற்றுக்குள் நுழைந்ததுமே, "மச்சான், செங்கால் நாரை! செங்கால் நாரை!" என்று கத்தினேன். காவலுக்கு இருந்த தியாகு அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அது கொக்கு தம்பி. போனப் பாக்காம காலப் பாருங்க."

நீ சிரித்த சிரிப்பில் அந்தக் கொக்கும் பறந்துவிட்டது.

பகல், முந்திரி மரத்தடியில் பாய் விரித்து, சஹனில் நெய்ச்சோற்றைக் குவித்தோம். நீ உட்காரவில்லை.

"அண்ணன், வாங்க. ஒரு ஆள் குறையுது."

"நான் சாப்பிட்டன் தம்பி."

"பொய். அடுப்பே மூட்டல்ல நீங்க. ஆளில்லாத பக்கத்துச் சோத்த ஆரு தின்னுற?"

அவர் கை கழுவி வந்து குந்தினார். பஹீம் கறிச் சட்டியின் மூடியைத் திறந்தான். நீட்டிய கையை அவர் மெல்ல இழுத்துக்கொண்டார்.

"தம்பி, நான் மாடு தின்னுறல்ல. நீங்க சாப்பிடுங்க, நான் அங்கால இருக்கன்."

கல்யாண வீடுகளில் நம் ஆட்களோடு மட்டுமே சஹனில் குந்திப் பழகிய நமக்கு, இப்படி ஒன்று இருக்கிறது என்றே தோன்றியிருக்கவில்லை. நீ மட்டும் எழுந்தாய். மூடியை அழுத்தி, சட்டியைக் கொண்டுபோய் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் வைத்தாய்.

"அப்ப இண்டைக்கு நமக்கும் மாடு இல்ல."

"டேய், உம்மா சுபஹுத் தொழுகைக்கு முன்ன எழும்பி ஆக்கின கறிடா!" பஹீம் அழாத குறை.

"கறி வீட்ட போனா சுட வெச்சித் தின்னலாம். மனுசன் எழும்பிப் போனா?"

தியாகு அண்ணன் தன் வாடிக் குடிசைக்குள் போய், மீன் பொரித்துக் கொண்டு வந்தார். பருப்பு, அச்சாறு, மீன். சஹன் துடைத்தது போல் ஆனது. பின்னேரம் அவருடைய தோணியில் களப்பைச் சுற்றினோம். "இஞ்ச குடும்பங்கள் வந்து நிக்கணும்டா, புள்ளைகள் மரம் ஏறணும்" என்றாய். வீட்டில் பஹீமின் உம்மா சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "கறியையும் பிக்னிக் காட்டிக் கூட்டி வந்திரிக்கீங்க போல" என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் கோழிதான், அல்லது மீன். ஆறாவது ஆள் எப்போதும் தியாகு அண்ணன்.

பிறகு உனக்கு ஒரு கிழமைக் காய்ச்சல். அதோடு போய்விட்டாய். அல்லாஹ் உன் கப்றை விசாலமாக்குவானாக. வட்ஸ்அப் குழுவில் உன் கடைசிச் செய்தி, "சனிக்கிழமை. கோழிதான். அண்ணனுக்குச் சொல்லிட்டன்." அதற்குக் கீழே யாரும் எதுவும் எழுதவில்லை.

போன மாதம் நாலு பேரும் மனதைத் தேற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனோம். சஹனைக் கொண்டுபோக எனக்குத் தைரியம் வரவில்லை. ஆளுக்கொரு சோற்றுப் பார்சல் வாங்கி, ஆளுக்கொரு மரத்தடியில் குந்தினோம். தியாகு அண்ணன் வந்து பார்த்தார்.

"சஹன் எங்க? பெரிய தம்பி எங்க?"

நாங்கள் அவருக்குச் சொல்லவேயில்லை மச்சான். உன் இலக்கம் மட்டும்தான் அவரிடம் இருந்தது என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. சாபிர்தான் சொன்னான். அவர் களப்புப் பக்கம் திரும்பினார்.

"அந்தச் சனிக்கிழமை மீன் பொரிச்சு வெச்சிட்டு இருந்தன். போன் எடுத்தா ஓஃப்."

பிறகு போய் ஒரு பெரிய வாழையிலையை வெட்டி வந்து, மரத்தடியில் விரித்து, தன் சோற்றை நடுவில் கொட்டினார். "கொட்டுங்க" என்றார். நாங்களும் கொட்டினோம். பஹீம் மட்டும் தன் பார்சலைப் பிரித்துப் பார்த்தான், பழையபடி சுற்றினான், மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டுவிட்டு வெறுங்கையோடு வந்து குந்தினான்.

"இண்டைக்கு எனக்கும் மாடு இல்ல" என்றான். அப்போதுதான் நாங்கள் எல்லோரும் அழுதோம்.

இனிச் செய்தி! தோட்டத்து உரிமையாளரின் மகள் இரண்டு அறை கட்டியிருக்கிறார். குடும்பங்கள் வந்து தங்கலாம், மரத்தடியில் சமைத்துச் சாப்பிடலாம், தோணியில் போகலாம். விடிய பறவை பார்க்கிற நடைக்குத் தியாகு அண்ணன்தான் தலைவர். நான் உதவியாள், ஆனால் கத்தக்கூடாதாம்.

சஹனில் நாங்கள் நாலு பேர், அவரோடு ஐந்து. ஆறாவது இடத்துக்கு யாரையாவது கூப்பிடுவோம் என்றேன். "அவன்ட இடத்துல ஆரும் குந்தக்கூடா" என்று சாதிக் போனில் கோபப்பட்டான். தியாகு அண்ணனும் அழைப்பில் இருந்தார்.

"அப்ப என்னையும் எழுப்புங்க தம்பி. நானும் காலி இடத்துல வந்து குந்தின ஆள்தானே."

சாதிக்கும் சரி என்றான். உனக்கும் அதுதான் பிடித்திருக்கும்.

ஆகவே இதை நம்ம இணையப் பக்கத்தில் பகிரங்கமாகவே போடுகிறேன் மச்சான். வாசிக்கிறவர்களே, வருகிற சனிக்கிழமை, முந்திரி மரத்தடி, ஒரு இடம் காலி. பொத்துவிலில் இருந்து வந்தாலும் சரி, எந்த ஊர், எந்த ஆள் என்றாலும் சரி. கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். நீங்கள் எதைத் தின்னமாட்டீர்கள் என்றும் மறக்காமல் எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் கறி ஆக்குவோம்.